காபனின் நான்கு கைகள்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, இக்கல்லூரியிற் பயின்று, இன்று புசல்லாவையில் வாழ்ந்து தமிழ் கற்பிக்கும் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது திருமுறை பற்றியோ சங்க நூல்கள் பற்றியோ அமைந்த கட்டுரையாகவே இருந்திருக்கும். யாம் எழுதப் புகுவதோ சேதன இரசாயனத்தின் அடிப்படையாகிய பிணைப்பும் இலத்திரன் அமைப்பும் பற்றி. எமது பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரத்தில் இரசாயனம் என்னும் சொல்லே இல்லை. அவ்வாறாயின் இத்துணிவு எங்கிருந்து வந்தது என வினவுவார்க்கு ஒரு நிகழ்ச்சியை முதற்கண் கூறுதல் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுப் பாடசாலையொன்றில் யாம் பணியாற்றியகாலை, உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பித்த ஆசிரியர் மாற்றலாகிச் சென்றார். அவ்விடத்துக்கு இன்னொருவர் வந்து சேர இரண்டு தவணைகள் ஆயின. மாணவர் எழுவர் வெறுமனே இருத்தலாகாதென, அப்பாடவேளைகளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பழைய குறிப்புப் புத்தகமொன்றை யாம் வாசிப்போம்; அவர்கள் எழுதுவார்கள். 'காபனுக்கு நான்கு கைகள் உண்டு; ஐதரசனுக்கு ஒன்று; ஒட்சிசனுக்கு இரண்டு; அணுக்கள் கை கோத்துக்கொள்வதே பிணைப்பு' என்று அக்குறிப்புத் தொடங்கும். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இலத்திரன் அமைப்பைப் பார்த்தா காபன்ல தனியா இருக்கிறது ரெண்டு இலத்திரன் தானே? மத்த ரெண்டு கை எங்கேயிருந்து வந்துச்சு?" என்றான். எமக்கு விடை தெரியாது. தெரியாது என்று கூறியிருக்கலாம். யாம் கூறியதோ, "அது அப்படித்தான், பாடமாக்கிக்கொள்" என்பது. அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை அவன் வேறொரு வினாவும் கேட்டிலன்.

அவன் இரசாயனத்தில் தேறவில்லை. அந்த ஒரு விடையினாலேதான் தேறவில்லை என்று கூறுவது மிகை. ஆயினும் கேட்கத் தெரிந்த வாயை அடைத்தவர் யாமே என்பதை மறுக்க எம்மால் இயலவில்லை. பிற்காலத்தில் இரசாயன ஆசிரியரான நண்பர் ஒருவரின் துணைகொண்டு, விடுமுறைதோறும் பாடநூல்களைப் படித்து யாம் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். அம்மாணவனுக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகவே இதனைக் கொள்க.

முதலிற் பெயர். சேதனம் என்றால் அறிவுடையது, உயிருடையது. சைவ சித்தாந்தம் கற்றார் சேதனம், அசேதனம் என்னும் பாகுபாட்டை நன்கறிவர். சருக்கரை, எண்ணெய், சாயம் முதலாய உயிர்ப்பொருட் சேர்வைகளை ஆக்க ஓர் உயிர்விசை வேண்டுமென ஐரோப்பியர் ஒருகாலத்து நம்பினர். அந்நம்பிக்கையே இப்பெயரில் உறைந்து கிடக்கின்றது. 1828 ஆம் ஆண்டில் செருமானியரான வோலர், உயிரற்ற உப்பொன்றிலிருந்து யூரியாவை ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டிய பின் அந்நம்பிக்கை தளர்ந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. நம் சித்தாந்திகளைக் கேட்டிருந்தால், உடம்பும் சடமே, அதிலுள்ள சருக்கரையும் சடமே என்று அன்றே சொல்லியிருப்பார்கள்! தமிழ்நாட்டார் இத்துறையைக் கரிம வேதியியல் என்பர். பொருளை நோக்கின் அவர் பெயரே பொருத்தமானது. இது காபனைப் பற்றிய கல்வியேயாம். ஆயினும் 1950களில் இலங்கை அரசாங்கம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் வழியே நம் பாடநூல்களும் வினாத்தாள்களும் வந்தமையால், இலங்கை வழக்கையே யாமும் கையாளுகின்றோம். தமிழ்நாட்டு நூல்களைத் துணையாகப் படிக்கும் மாணவர் ஒன்றை மனத்திற் கொள்க: அங்கே இணைதிறன் எனப்படுவது இங்கே வலுவளவு, அங்கே சகப்பிணைப்பு இங்கே பங்கீட்டு வலுப் பிணைப்பு, அவர்தம் ஆர்பிட்டாலே நம் ஓபிற்றல், இனக்கலப்பே கலப்பாக்கம். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே.

இனிக் 'கை' என்னும் உவமைக்கு வருவோம். இது எங்கள் குறிப்புப் புத்தகத்தார் படைத்ததன்று. 1858 இல் கெக்குலே என்பவரும் கூப்பர் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே, ஒரு காபன் அணு நான்கு அணுக்களோடு இணையவல்லது என்றும், காபன் காபனோடு தொடராக இணையவல்லது என்றும் உரைத்தனர். அணுவை எழுத்தாலும் பிணைப்பைக் கோட்டாலும் வரையும் வழக்கம் அக்காலத்தே வேரூன்றியது. அந்தக் கோடு யாது என்று கேட்டால் அன்று எவராலும் விடை கூற முடிந்திராது. தமிழிலும் இதற்கு ஒரு சான்றுண்டு. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிடச் செய்த 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இல் அச்சேறியது. நம் நாட்டு மாணவர் இரசாயனத்தைத் தமிழிலே கற்க வேண்டும் என்னும் எண்ணத்தின் முதற் கனிகளுள் அது ஒன்று. அந்நூலில் இலத்திரன் என்ற சொல் இல்லை, இருக்கவும் முடியாது. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1897 இல். ஆகவே கிறீனின் மாணவர்க்குப் பிணைப்பை விளக்கக் கையன்றி வேறு கருவி இல்லை. எமக்கு இருந்தது, யாம் அதனை எடுத்துக்கொடுத்திலேம்.

காபனின் கருவைச் சுற்றி ஆறு இலத்திரன்கள் உள. இரண்டு முதலாஞ் சக்தி மட்டத்திலும் நான்கு இரண்டாம் மட்டத்திலும் அமைவன. உள்ளிரண்டும் பிணைப்பிற் பங்குகொள்ளா. வெளிநான்குமே நமக்கு வேண்டியன. இலத்திரனைக் கருவைச் சுற்றி ஓடும் மணியாகப் படம் வரைவது பழக்கம். அப்படத்தை இவ்விடத்தே விட்டுவிடுதல் நன்று. இலத்திரன் எந்தக் கணத்தில் எங்கே உளது என்று சுட்டிக் கூற இயலாது. எங்கே காணப்படுதல் கூடும் என்பதையே கூற இயலும். அக்கூடுமிடமே ஓபிற்றல். மாலைவேளையில் எங்கள் புசல்லாவை மலைமீது முகில் படியுங்கால், இது முகிலின் எல்லை என்று ஒரு கோடு இட முடியாது. நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் ஐதாகியும் அது கிடக்கும். இலத்திரன் முகிலும் அத்தகையது. எஸ் எனப்படும் ஓபிற்றல் உருண்டையானது. பி எனப்படுவன மூன்று. ஒவ்வொன்றும் கருவின் இருபுறமும் இரு குமிழ்களாக நீண்டு, மூன்றும் ஒன்றற்கொன்று செங்குத்தாக நிற்கும்.

ஓர் ஓபிற்றலில் இரண்டு இலத்திரன்களுக்கு மேல் இடமில்லை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பேருந்தில் ஏறுவோர், வெற்று இருக்கை உள்ளவரை ஒருவரருகே ஒருவர் அமர்வதில்லை; தனித்தனி இருக்கையையே நாடுவர். சமமான சக்தியுடைய ஓபிற்றல்களில் இலத்திரன்களும் அவ்வாறே. காபனின் வெளிநான்கில் இரண்டு 2 எஸ் ஓபிற்றலிற் சோடியாக உள. எஞ்சிய இரண்டும் இரண்டு 2 பி ஓபிற்றல்களில் தனித்தனியே உள. மூன்றாவது பி வெறுமை. அம்மாணவன் கண்டது முற்றிலும் சரி. தனித்திருப்பவை இரண்டே.

அவன் வினாவுக்கு விடை காணுமுன் பிணைப்பு என்பது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். கறியுப்பில் சோடியம் தன் வெளி இலத்திரன் ஒன்றைக் குளோரீனுக்கு ஈந்து நேரேற்றம் பெறும்; குளோரீன் அதனை ஏற்று மறையேற்றம் பெறும்; எதிரேற்றங்கள் ஈர்க்கும். இது அயன் பிணைப்பு. காபன் இவ்வழியிற் செல்வது அரிது. நான்கு இலத்திரன்களைக் கொடுத்துவிடுதற்கும் நான்கினை ஏற்று வைத்திருத்தற்கும் ஆகும் சக்தி மிகப் பெரிது. கொடுக்கவும் மாட்டாது, கொள்ளவும் மாட்டாது, ஆகவே பங்கிட்டுக்கொள்ளும். 1916 இல் அமெரிக்கரான லூயிஸ் என்பார், கெக்குலே காலத்துக் கோடு என்பது இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொண்ட ஓர் இலத்திரன் சோடியே என்று உரைத்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரையப்பட்ட கோட்டுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது.

பங்கிட்டால் ஏன் பிணைப்பு உண்டாதல் வேண்டும்? இரண்டு அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் ஓபிற்றல்கள் ஒன்றன்மேலொன்று படிகின்றன. அங்கு இரு கருக்களுக்கும் இடையில் இலத்திரன் முகில் அடர்கின்றது. கருக்கள் இரண்டும் நேரேற்றமுடையன, ஒன்றையொன்று தள்ளுவன. இடையில் நிற்கும் மறையேற்ற முகிலோ இரண்டையும் தன்பால் இழுக்கும். இழுப்பும் தள்ளலும் ஈடாகும் தூரத்திற் சக்தி மிகக் குறைந்து நிற்கும்; அதுவே பிணைப்பு நீளம். சக்தி குறைவதனாலேயே பிணைப்பு நிலைக்கின்றது. எனவே பிணைப்பை முறிக்கச் சக்தி கொடுத்தல் வேண்டும். 'பிணைப்பு முறியச் சக்தி வெளிவரும்' என்று மாணவர் பலர் எழுதுகின்றனர், அது தவறு. விறகு எரிய வெப்பம் வருவது பழைய பிணைப்புகள் முறிவதனால் அன்று. அவற்றினும் வலிய புதிய பிணைப்புகள் உண்டாவதனால்.

இனி அந்த மற்ற இரண்டு கைகள். 2 எஸ் ஓபிற்றலிற் சோடியாக உள்ள இரண்டில் ஒன்றை வெறுமையான 2 பி ஓபிற்றலுக்கு உயர்த்தினால் தனி இலத்திரன்கள் நான்காகும். உயர்த்துதற்குச் செலவு உண்டு. ஒரு மூல் காபனுக்கு ஏறத்தாழ 400 கிலோயூல். காபன் இரண்டு ஐதரசனோடு நின்றுவிட்டால் இச்செலவு வேண்டுவதில்லை. நான்கு ஐதரசனோடு கூடினாலோ மேலும் இரண்டு பிணைப்புகள் கிடைக்கின்றன. காபன் - ஐதரசன் பிணைப்பு ஒன்று உண்டாகும்போது ஏறத்தாழ 410 கிலோயூல் வெளிவரும்; இரண்டுக்கும் 800க்கு மேல். நானூறு முற்பணம் கொடுத்து எண்ணூறு ஈட்டும் வாணிகத்தை யார் கைவிடுவர்? மெதேன் உறுதியான சேர்வையாய் நிற்பதும், ஒரு காபனோடு இரண்டே ஐதரசன் கூடிய சேர்வை கணத்தில் வேறொன்றோடு தாக்கமுற்று மறைவதும் இக்கணக்கின் பயன். கை முதலிலேயே இருந்ததன்று. பிணையும் பயன் நோக்கி உண்டானது.

இவ்விடத்தில் இன்னொரு தடை எழும். நான்கில் ஒன்று எஸ், மூன்று பி ஆயின், மெதேனின் நான்கு பிணைப்புகளும் ஒரு தன்மையவாய் இருத்தல் எங்ஙனம்? அவை ஒத்தனவே என்பதில் ஐயமில்லை. நான்கின் நீளமும் 109 பிக்கோமீற்றர். எந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 109.5 பாகை. இதற்குப் போலிங் என்னும் அமெரிக்கர் 1931 இல் விளக்கம் தந்தார். ஓர் எஸ் ஓபிற்றலும் மூன்று பி ஓபிற்றல்களும் கலந்து, முற்றும் ஒத்த நான்கு புதிய ஓபிற்றல்கள் ஆகின்றன. இதுவே எஸ்பி மூன்று கலப்பாக்கம். நான்கு முகில்களும் ஒன்றையொன்று இயன்றமட்டும் விலகி நிற்க விழைவதனால், நான்முகியொன்றின் மூலைகளை நோக்கி நீளும். ஊதிய பலூன் நான்கினை வாய்ப்புறத்தில் ஒன்றாகக் கட்டிவிட்டுப் பார்க்க. எவரும் சொல்லிக்கொடாமலே அவை அவ்வடிவில் நிற்கும். காபனின் நான்கு பிணைப்புகளும் தாளில் வரையும் சிலுவைபோலத் தட்டையானவையல்ல, நான்முகி வடிவின என்பதை வான்ற் ஹொப், லெபெல் என்னும் இருவரும் 1874 லேயே, இலத்திரனைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்திலேயே, ஊகித்துணர்ந்தமை வியக்கத்தக்கது.

கலப்பாக்கத்தைப் பற்றித் தமிழாசிரியருக்குச் சொல்ல ஒன்றுண்டு. 'பொன்' என்னும் சொல் தனித்து நிற்கையில் அதன் ஈற்றில் இருப்பது னகரமெய். 'குடம்' வந்து புணருங்கால் அது 'பொற்குடம்' ஆகும். அந்த றகரம் முன்னர் எங்கே இருந்தது என்று தேடினால் கிடையாது. அது பொன்னின் உள்ளே மறைந்திருந்ததன்று. புணர்ச்சி நோக்கித் தோன்றியது. கலப்போபிற்றலும் இவ்வாறே. தனியே திரியும் காபன் அணுவில் எஸ்பி மூன்று ஓபிற்றல்களைத் தேடுதல் வீண். வேறு அணுக்கள் வந்து பிணையுமிடத்து இலத்திரன் முகில் கொள்ளும் உருவத்தை நாம் கணக்கிட்டுச் சொல்லும் முறையே அது. முதலில் உயர்த்தல், பின்னர்க் கலத்தல், அதன்பின் பிணைதல் எனப் படிப்படியாக நிகழ்வதாகப் பாடநூல் கூறுவதும் விளங்குதற்காகவே. இலக்கண நூலார் திரிபைப் படிப்படியாக விதித்துக் காட்டுவது போல. பேசுவோன் வாயில் 'பொற்குடம்' ஒரே கணத்தில் வருகின்றதன்றோ! புணரியல் படித்த மாணவர்க்குக் கலப்பாக்கம் அன்னியமன்று என்பதை அன்று அறிந்திருந்தோமாயின், வகுப்பில் எமது சொந்தப் பாடத்தைக் கொண்டே அவனுக்கு விடை கூறியிருப்போம்.

காபன் மூன்று அணுக்களோடு மட்டும் பிணையுமிடத்து ஓர் எஸ்ஸும் இரண்டு பியும் கலக்கும். ஒரு பி கலவாது நிற்கும். கலந்த மூன்றும் ஒரே தளத்தில் 120 பாகை விலகி நிற்கும். எதீனில் இரண்டு காபன்களும் கலப்போபிற்றல்களால் நேருக்கு நேர் படிந்து இணைவது சிக்மாப் பிணைப்பு. கலவாத பி ஓபிற்றல்கள் இரண்டும் தளத்தின் மேலும் கீழும் பக்கவாட்டிற் படிந்து இணைவது பைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பு என்பது ஒத்த இரண்டு கைகள் அல்ல; ஒன்று சிக்மா, மற்றது பை. காபன் - காபன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீற்றர், இரட்டையினது 134. ஒற்றையை முறிக்க ஏறத்தாழ 350 கிலோயூல் வேண்டும். இரட்டைக்கு 700 வேண்டுமென எண்ணுவோம். வேண்டுவதோ 610 அளவே. பைப் பிணைப்பு சிக்மாவினும் மெலிந்தது என்பதற்கு இதுவே கணக்குச் சான்று. அதனாலன்றோ எதீன் புரோமீனோடு எளிதிற் கூடி அதன் நிறத்தைப் போக்குகின்றது. மும்மைப் பிணைப்பில் சிக்மா ஒன்றும் பை இரண்டும் உள. ஒட்டுத்தொழிலாளர் சுவாலையில் எரியும் எதைன் அதற்கு எடுத்துக்காட்டு. அதனை விரித்தல் வேண்டா.

பை இலத்திரன்கள் இரண்டு காபன்களுக்கிடையே மட்டும் அடங்கி நில்லாது பரவவும் கூடும். பென்சீன் ஆறு காபன்களின் வளையம் என்று கெக்குலே 1865 இல் உரைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைக் கோடுகள் வரைந்தார். அவர் கூற்று அவ்வாறே மெய்யாயின் மூன்று பிணைப்புகள் நீண்டும் மூன்று குறுகியும் இருத்தல் வேண்டும். கதலீன் லொன்ஸ்டேல் என்னும் அம்மையார் 1929 இல், பென்சீனை உள்ளடக்கிய பளிங்கொன்றை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, வளையம் தட்டையானது என்றும் பக்கங்கள் ஒத்தவை என்றும் காட்டினார். பென்சீனில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 139 பிக்கோமீற்றர். ஒற்றையும் அன்று, இரட்டையும் அன்று. ஆறு பி ஓபிற்றல்களும் ஒன்றோடொன்று படிந்து, ஆறு இலத்திரன்களும் வளையம் முழுதுக்கும் பொதுவாகின்றன.

அத்தகைய வளையங்கள் எல்லையின்றித் தொடர்ந்து ஒரு தகடானால் அதுவே காரீயம். கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நிலத்தின் ஆழத்திலிருந்து வெட்டியெடுக்கும் காரீயம் நரம்பு நரம்பாகப் பாறையினிடையே ஓடுவது. 95 வீதத்துக்கும் மேற்பட்ட காபனைக் கொண்டது. பெயரில் ஈயம் இருப்பினும் பொருளில் ஈயம் இல்லை. பழையோர் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றியமையின் வந்த மயக்கம் இது, மேனாட்டு மொழிகளிலும் உண்டு. காரீயத்தின் தகட்டினுள்ளே காபன்கள் 142 பிக்கோமீற்றர் தூரத்தில் இறுகப் பிணைந்துள்ளன. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 335. இடையில் பிணைப்பு இல்லை, மெலிந்த ஈர்ப்பு மட்டுமே. ஆதலின் தகடு வழுக்கும். பென்சிலின் கூர் தாளில் எழுதும். பரவிய இலத்திரன்கள் தகட்டின் வழியே ஓடுவதனால் மின்னும் கடத்தும். வைரமும் காபனே, ஆனால் ஒவ்வொரு காபனும் நான்முகியாய் நான்கோடு பிணைந்து, ஓடுதற்கு இலத்திரன் ஒன்றும் எஞ்சாமையால் மின்னைக் கடத்தாது.

போகலவிலிருந்து எங்கள் ஊருக்கு மீள்வோம். புசல்லாவையிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841 அளவிலேயே சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. அது அன்று கோப்பித் தோட்டம். ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலையை வாணிகப் பயிராக வளர்க்கத் தொடங்கியது அதற்குப் பின்னரே. நம் மாணவருட் பலர் தேயிலைச் செடிகளினிடையே வளர்ந்தவர்கள். தாய்மார் கொண்டுவரும் கொழுந்தின் மணம் அறிந்தவர்கள். கொழுந்து பச்சை, கோப்பையிலுள்ள சாயமோ செம்பழுப்பு. அந்நிறம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் எவரும் கேட்டதில்லை. இதுவும் பை இலத்திரனின் வேலையே.

கொழுந்தில் கற்றேசின்கள் என்னும் சேர்வைகள் நிறைய உள. அவற்றுள் பென்சீன் வளையங்கள் இருப்பினும், நடுவே எஸ்பி மூன்று காபன்கள் நின்று ஒரு வளையத்தின் பை முகிலை மற்றதனோடு சேரவிடாது தடுக்கின்றன. முகில் சிறிதாகையால் அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உறிஞ்ச மாட்டாது, கற்றேசின் நிறமற்றது. இலையின் கலத்தில் இக்கற்றேசின்களும், ஒட்சியேற்றும் நொதியமும், ஒரே லயத்தின் இருவேறு காம்பராக்களில் வாழ்வார்போலச் சுவரிடைப்பட்டு இருக்கின்றன. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது சுவர் உடைகின்றது. செம்பைக் கொண்ட அந்நொதியம் காற்றின் ஒட்சிசனைத் துணைக்கொண்டு கற்றேசினிலிருந்து ஐதரசனைக் கவர, அவ்வாறு மாறியவை ஒன்றோடொன்று பிணைந்து, ஆறு காபன் வளையத்தோடு ஏழு காபன் வளையம் ஒட்டிய புதிய அமைப்பு உண்டாகின்றது. 1950களில் ரொபேட்ஸ் என்னும் ஆய்வாளர் இச்சிவந்த பொருள்களைப் பிரித்தறிந்து தியபிளேவின், தியறுபிசின் எனப் பெயரிட்டார். இதனைத் தேயிலை புளித்தல் என்று கூறுவது வழக்கமாயினும், மதுவிற்போல நுண்ணுயிர் ஒன்றும் இதிற் பணி செய்வதில்லை, இது ஒட்சியேற்றமே.

புதிய அமைப்பில் பை முகில் இரண்டு வளையங்களின் மேலும் தடையின்றிப் பரவுகின்றது. வீணை நரம்பு நீண்டால் சுருதி தாழும். அவ்வாறே முகில் நீண்டால் அதன் சக்தி மட்டங்கள் நெருங்கும். சிறு சக்தியுடைய ஒளியே இலத்திரனை உயர்த்தப் போதும். கற்றேசின் கண்ணுக்குப் புலனாகாத புறவூதா ஒளியை மட்டும் உறிஞ்ச, தியபிளேவின் 460 நனோமீற்றர் அளவிலுள்ள நீல ஒளியையும் உறிஞ்சுகின்றது. நீலம் நீங்கிய ஒளி நம் கண்ணில் செம்மஞ்சளாய்த் தோன்றும். பின்னர்ச் சூட்டில் உலர்த்துவது நீரைப் போக்குதற்கு மட்டுமன்று. நொதியத்தை அழித்து, ஒட்சியேற்றத்தை வேண்டிய கட்டத்தில் நிறுத்துதற்குமாம். ஸ்டோரில் பணிபுரிவோர் மூக்காலும் கண்ணாலும் அறிந்து நிறுத்தும் அக்கணம், பை முகில் எவ்வளவு பரவ வேண்டும் என்பதற்கு அவர்கள் இடும் எல்லையே.

பங்கிடுதல் எப்போதும் சரிபாதியன்று என்பதையும் சுருங்கச் சொல்லல் வேண்டும். ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை 3.5; காபனது 2.5, ஐதரசனது 2.1. ஆகவே ஒட்சிசன் - ஐதரசன் பிணைப்பில் முகில் ஒட்சிசன் பக்கமே சாயும். ஐதரசன் சிறிது நேரேற்றம் பெறும். தேயிலைச் சேர்வைகள் இத்தகைய கூட்டங்கள் பல உடையன, நீரும் அத்தன்மையது. எனவே அவை வெந்நீரில் இறங்குகின்றன. காபன் - ஐதரசன் பிணைப்பில் சாய்வு மிகச் சிறிது. ஆதலினாற்றான் எண்ணெய் நீரோடு சேர்வதில்லை.

மாணவர் ஆய்வுகூடம் இன்றியே செய்து பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. இளங்கொழுந்துகள் சில கொணர்ந்து இரு கூறாக்குக. ஒரு கூற்றை ஆவியில் இரண்டு நிமிடம் அவித்தெடுக்க. பின் இரண்டையும் தனித்தனி உள்ளங்கையிற் கசக்கி, வேறு வேறு தட்டுகளில் வைத்து இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்க. அவியாதது செம்பு நிறமாகும். அவித்தது பச்சையாகவே நிற்கும். வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதை மேற்கூறியவற்றைக் கொண்டு மாணவரே எழுதுக.

இதனை எழுதி முடிக்கும் வேளையில் எம் மகள் தேநீர் கொணர்ந்து வைத்து, அதில் தேசிக்காய் பிழிந்தாள். செம்பழுப்பு நொடியில் வெளிறிப் பொன்னிறமாயிற்று. "ஏன் அப்பா?" என்றாள். தியறுபிசின் மென்மையான அமிலம். ஐதரசன் அயனை இழந்து நிற்கையில் அதன் இலத்திரன் முகில் மேலும் பரந்து நிறம் கறுக்கும். தேசிக்காயின் புளிப்பு அந்த ஐதரசன் அயனை மீள அளிக்க, நிறம் வெளிறும் என்றோம். "இழந்தா ஏன் முகில் பரவுது?" என்று மறுபடியும் கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தோம்.